நாலாவது கேள்வி

கணினி வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தமிழ்ப் பள்ளி மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்கள் தலை நரைத்து, பிரிவுபசார விருந்தில் கைக்கடிகாரம் வாங்கியவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏழு வருடம் வேலை செய்தேன். இரண்டாவது பிள்ளை பிறக்க இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. போன மாதத்தோடு வேலையை விட்டாயிற்று. திரும்பப் போவேனா என்று தெரியாது. அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். மறுத்தது சரியா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது சரியா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு இதைவிட அதிகமாகத் தெரியவேண்டியதில்லை.

இப்போது எந்த அலுவலகத்துக்குப் போனாலும், இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் என்ன செய்யும் என்பதுதான் பேச்சு. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நாலு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி. ஆங்கிலத்தில் நடந்த பேச்சுகளை எனக்கு வந்த தமிழில் தருகிறேன்.

லண்டனின் தெற்கே, குரொய்டனில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மதியச் சாப்பாட்டை வேனில் கொண்டுபோய்க் கொடுக்கும் சமையலறைகள் இந்த நாட்டில் இடத்துக்கு இடம் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் மென்பொருள் செய்து விற்றோம். இன்றைக்கு யார் யாருக்குச் சாப்பாடு, எந்த வேன், யாருக்கு நீரிழிவு, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒவ்வொரு சாப்பாட்டுப் பெட்டிக்கும் ஒரு லேபல் அச்சடிக்கும். மேலே பெயரும் முகவரியும், கீழே உணவுக் குறிப்பு. பெட்டிக்குள் எதை வைப்பது என்று சமையலறைப் பெண்கள் அந்தக் கீழ் வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பதினொரு மணிக்கு வேன்கள் புறப்படும்.

மென்பொருளின் புதிய பதிப்பைச் சோதித்து, டிஸ்குகளில் ஏற்றி, இருபத்தெட்டு சமையலறைகளுக்கும் தபாலில் அனுப்புவது என் வேலை. அதை ரிலீஸ் என்போம். எல்லாவற்றையும் கையால்தான் செய்தேன். ஒரு டிஸ்கைப் போட்டு நகல் எடுத்து, பெயர் ஒட்டி, உறையில் வைத்து, அடுத்ததைப் போட வேண்டும். ஒரு தடவை நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். விட்ட இடம் எது என்பதைத்தான் தவறாக நினைத்துவிட்டேன். ஒரு சமையலறைக்கு வெறும் டிஸ்க் போய்ச் சேர்ந்தது. நல்லவேளையாக வெறும் டிஸ்க் யாருக்கும் தீங்கு செய்யாது.

அன்றிலிருந்து ஒன்றுக்கு மூன்று தடவை பார்க்கத் தொடங்கினேன். ஒரு ரிலீஸை, ஒரு கோப்பு அழிந்துவிடும் என்று பயந்து, தபாற்பையைக் கட்டிய பிறகு நிறுத்தினேன். பார்த்தால், மென்பொருள் அந்தக் கோப்புக்குத் தானாகவே ஒரு நகல் வைத்திருந்தது. மூன்று நாள் வீண். வருடாந்த மதிப்பீட்டில் மேலாளர், நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்கள் கவனமானவர். ஆனால் முடிவெடுக்கத் தயங்குகிறீர்கள். அடுத்த மதிப்பீட்டிலும் இதையே எழுத வைக்காதீர்கள்" என்றார். பிள்ளைப்பேற்று விடுப்பிலிருந்து திரும்பி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டு பகலில் படித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து மேசையில் சேகர் இருந்தான். தமிழ்நாட்டுக்காரன், மென்பொருளில் பிழை தேடித் திருத்துகிறவன். ஹரோவிலிருந்து தினமும் லண்டனைக் குறுக்காக வெட்டிக்கொண்டு குரொய்டனுக்கு வருவான். வந்து சேர்ந்ததும் அந்தப் பயணத்தைப் பற்றி ஐந்து நிமிடம் அழுவான். எனக்கு அவன் வைத்த பெயர் டபுள் செக். அவன் மேசையில் கப் வைக்க இடம் இருக்காது. அச்செடுத்த தாள் எதையும் எறியமாட்டான்.

"சேகர், இந்தக் குப்பையை ஒரு நாளைக்கு நானே அள்ளிக்கொண்டுபோய்ப் போடப்போறன்."

"தொடாதீங்க டபுள் செக். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்க, போன கிழமை மீட்டிங் குறிப்பு எடுங்கோ பாப்பம்."

"அது மட்டும் தெரியாது."

சமையலறைகளின் பக்கத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. டிஸ்கைப் போட்டதும் திரையில் ஏழு கேள்விகள் வரும். 'இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. இதன் மேல் எழுதலாமா?' என்ற ஒரே கேள்வி, ஏழு கோப்புகளுக்கு ஏழு தடவை. ஆறுக்கு ஆம் என்று சொல்ல வேண்டும். நாலாவதற்கு மட்டும் இல்லை. நாலாவது, உணவுக் குறிப்புகள் இருக்கும் கோப்பு. புதிதாகச் சேரும் சமையலறைகளுக்காக அதன் வெற்றுப் பிரதி ஒன்று டிஸ்கில் எப்போதும் இருக்கும். பழைய சமையலறை ஒன்று அதை ஏற்றினால் குறிப்பு எல்லாம் போய்விடும். இதைத் தடித்த எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு உறையிலும் வைப்போம். ஆனாலும் ரிலீஸ் நாட்களில் தொலைபேசி ஓயாது. வடக்கு லண்டனில் ஒரு சமையலறையை நடத்திய ஜீன் என்ற பெண்மணி, எல்லோரையும் செல்லமாக 'லவ்' என்று கூப்பிடுகிறவர், அழைக்கும்போதெல்லாம் ஒரே சண்டைதான் போடுவார்.

"உறுதியா, உறுதியா என்று ஏழு தடவை என்னிடம் கேட்கிறது, லவ். அதைச் செய்தவர்களுக்கே உறுதியில்லை என்றால் உருளைக்கிழங்கு அவிக்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு நிரல் எழுதினேன். என் பக்கத்தில் இருபத்தெட்டு டிஸ்குகளுக்கும் வரிசையாக அதுவே நகல் எடுத்து, சரிபார்த்து, எண்ணி வைக்கும். சமையலறைப் பக்கத்தில் கேள்வியே வராது. எல்லாவற்றுக்கும் அதுவே ஆம் என்று சொல்லிக்கொள்ளும். டிஸ்கைப் போடு, ஒரு பொத்தானை அழுத்து, தேநீர் குடி. மேலாளருக்கு மிகுந்த சந்தோஷம். "பார்த்தீர்களா, உங்களால் முடிவெடுக்க முடியும்" என்றார். இரண்டு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வியாழக்கிழமை மாலை தபாற்பை போயிற்று. வேலைக்குத் திரும்பிய பின் முதல் தடவையாக அன்று ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போனேன்.

சோதிக்காமல் அனுப்பவில்லை. ஆறு தடவை சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் சோதனைக் கணினியை முழுதாகத் துடைத்துவிட்டு, புதிதாக ஏற்றிப் பார்த்தேன். சுத்தமாக வேலை செய்தது. ஏன் செய்யாது? என் சோதனைக் கணினியிலிருந்து ஒருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மகளை நோர்பரியில் ராணியக்கா வீட்டில் விட்டுவிட்டு ரயில் பிடிப்பது வழக்கம். அவர் வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். என் மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. முதல் பிறந்தநாள் கேக்கில் உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் அது தெரிய வந்தது. ராணியக்கா ஒவ்வொரு நாள் காலையிலும், பிள்ளையைக் கையில் வாங்கும்போது, அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்பார்.

"முட்டை வேண்டாம்தானே?"

அன்று எனக்கு ரயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது. "அக்கா, ஒவ்வொரு நாளும் கேக்கிறியள். ஒவ்வொரு நாளும் வேண்டாம் எண்டுதானே சொல்லுறன். ஒரு நாளைக்கெண்டாலும் ஓம் எண்டு சொன்னனானோ?"

"அதுக்கென்ன இப்ப? வாயால கேட்டால்தான் எனக்கு மனதில நிக்கும். கேக்காமல் விட்டனெண்டால், நாலு பிள்ளையள், நாலு கோப்பை, கை தன்ரபாட்டில குடுத்துப்போடும். பிறகு நீர் வந்து அழுவீர். போம், ரயிலை விடப்போறீர்."

ரயில் கிடைத்தது. தோர்ண்டன் ஹீத் நிலையத்தில் கதவு திறந்து மூடியபோது, 'கை தன்ரபாட்டில குடுத்துப்போடும்' என்ற சொல் திரும்ப வந்தது. கேள்வி இல்லாவிட்டால் கை கொடுத்துவிடும். என் நிரல் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லும். நாலாவதற்கும்.

பழைய சமையலறைகளுக்குப் போகிற டிஸ்கிலிருந்து அந்த வெற்றுக் கோப்பை எடுத்துவிட வேண்டும் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியது நினைவிருந்தது. எடுத்தது நினைவில்லை.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஒன்பதாக ஐந்து நிமிடம். மிச்சமிருந்த ஒரு டிஸ்கைப் போட்டுப் பார்த்தேன். கோப்பு இருந்தது. சேகர் அப்போதுதான் பயணத்தைப் பற்றி அழ ஆரம்பித்திருந்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"என்னங்க ஆச்சு?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ஒருவேளை இந்தக் கோப்புக்கும் தானா ஒரு நகல் இருக்குமோ? போன தடவை அப்படித்தானே இருந்துச்சு?"

"அதுதான் தெரியேல்லை. போட்டுப் பாக்கவேணும்."

"சோதனை மெஷினைத் துடைச்சு வெச்சிருக்கீங்களே. பழசை ஏத்தி, ஆள் விவரத்தை ஏத்தி, அப்புறம் புதுசை ஏத்தி... ஒரு மணி நேரம் ஆகும்."

தபால் ஒன்பது மணிக்கு வந்துவிடும். பத்து மணிக்கு லேபல் அச்சடிப்பார்கள். பெரும்பாலான சமையலறைகள் சாப்பாடு போன பிறகு, மத்தியானம்தான் டிஸ்கைப் போடும். ஆனால் பொத்தான் ஒன்றுதான், தேநீர் குடிக்கிற நேரம்தான் என்று கடிதத்தில் எழுதி அனுப்பியவளே நான். இருபத்தெட்டில் ஒன்று காலையிலேயே போட்டிருந்தால், குறிப்பில்லாத லேபலோடு, நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிய புடிங் போகும். ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒத்துக்கொள்ளாதது போகும். அவர்கள் தனியாக இருக்கிறவர்கள். உதடு வீங்கினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் ஆள் இல்லாதவர்கள்.

மேலாளர் இன்னும் வரவில்லை. ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, உறுதியான பிறகு அழைக்கலாம். அதற்குள் பத்து மணி தாண்டிவிடும். இப்போதே அழைத்து, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், இருபத்தெட்டு வாடிக்கையாளர்கள் முன் நிறுவனத்தின் பெயர் கெடும். என் மதிப்பீட்டுத் தாளில் என்ன எழுதப்படும் என்பதும் தெரியும். தொலைபேசியைக் கையில் எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். பிறகு முதல் எண்ணைச் சுழற்றினேன்.

"சேகர், நீங்கள் சோதனையைத் தொடங்குங்கோ. நான் கூப்பிடத் தொடங்கிறன்."

"மெஷின்ல ஏறிட்டிருக்கும்போது நானும் கூப்பிடுறேன். லிஸ்ட்டைப் பாதியாக் கிழிங்க. நீங்க மேலருந்து, நான் கீழருந்து."

எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான். இன்று வந்த டிஸ்கைப் போட வேண்டாம். போட்டிருந்தால் லேபல் அச்சடிக்க வேண்டாம். சிலர் உறையையே திறக்கவில்லை. ஒருவர் "நான் எப்போது உங்கள் டிஸ்கை வந்த அன்றே போட்டிருக்கிறேன்?" என்று பெருமையாகச் சொன்னார். ஒருவர் உறையின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருக்கிறாராம். வாழ்நாளில் ஒருவர் என் வேலையைப் புறக்கணித்ததற்காக அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு மேலாளர் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, நான் ஒரு அழைப்பை முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாடிக்கையாளர்களை அழைக்க யார் சொன்னது?"

"நான்தான்."

"உறுதியாகத் தெரியுமா?"

"இல்லை. உறுதியாகத் தெரிய இன்னும் அரை மணி நேரம் வேண்டும். நான் பிழையென்றால் நாம் முட்டாள்கள் ஆவோம். நான் சரியென்றால்..." லேபலின் கீழ் வரியைக் காட்டினேன்.

அவர் கோட்டைக் கழற்றி என் நாற்காலி முதுகில் போட்டார். "எனக்கு ஆறு எண் கொடுங்கள்" என்றார்.

பத்து மணிக்குள் இருபத்தேழு சமையலறைகளோடு பேசிவிட்டோம். சேகர் சோதனைக் கணினியின் முன்னிருந்து திரும்பினான். "போயிடுச்சுங்க. நகலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் காலி." நான் சரி என்று தெரிந்ததில் வந்தது சந்தோஷமில்லை. அதற்கு ஒரு சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மிச்சம் ஒன்று. ஜீனின் சமையலறை. அரை மணி நேரமாக அவருடைய எண் பேச்சிலேயே இருந்தது. பத்து இருபதுக்குக் கிடைத்தார்.

"ஆ, நீதானா, லவ்! இப்போதுதான் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! லேபல்கூட எவ்வளவு துப்புரவாக வந்திருக்கிறது தெரியுமா, அந்தக் கீழ் வரி எல்லாம் இல்லாமல். எல்லாம் ஒட்டியாயிற்று."

"ஜீன், அந்தக் கீழ் வரி இருக்க வேண்டும். அதை அழித்தது நான். பெட்டிகளை வேனில் ஏற்ற வேண்டாம்."

அவர் தொலைபேசியை மூடாமலே கத்தினார்: "எல்லாரும் கையை எடுங்கள்! பெட்டியிலிருந்து கையை எடுங்கள்!" திரும்பி வந்த குரல் வேறு குரல். "அறுபத்துநாலு பேர். எனக்குப் பாதிப் பேரைத் தெரியும். மிச்சப் பாதியை என்ன செய்வது?"

அவர்களுடைய கோப்பு அவர்களுடைய கணினியில் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் சேகர் மேசையைக் கிளறத் தொடங்கினான். மூன்று கிழமைக்கு முன், ஜீனின் கணினியில் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன என்று புகார் வந்தபோது, அவன் அவர்கள் பட்டியலை ஒரு டிஸ்கில் வரவழைத்து, முழுவதையும் அச்செடுத்துப் பார்த்துவிட்டு, டிஸ்கைத் திருப்பி அனுப்பியிருந்தான். கப் வைத்த வட்டத்தோடு, நாலு தாள், அடியிலிருந்து வந்தன. நான் அள்ளிக்கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று சொன்ன அதே குப்பையிலிருந்து.

அறுபத்திரண்டு பெயர்கள். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஜீன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். அங்கே ஒரு பெண் தடித்த பேனாவால் பெட்டியின் மேல் எழுதினார். சர்க்கரை இல்லை. பால் இல்லை. மென்மையாக அரைத்தது. ஒரு பெயரைச் சொன்னபோது ஜீன், "அவர் போன ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். நல்ல மனிதர்" என்றார். அந்தப் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். பிறகு இன்னொரு இறப்பு. ஒருவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பட்டியல் பத்து ஐம்பதுக்கு முடிந்தது.

ஐம்பத்தொன்பது பேர் சரி. இந்த மூன்று கிழமைக்குள் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேர் எந்தத் தாளிலும் இல்லை. இரண்டு பேரை ஜீனுக்குத் தெரியும். ஒருவரை வேன் ஓட்டுநருக்குத் தெரியும். நாலாவது ஒரு பாட்டி. மேலாளரே அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். "ஈரல் தவிர எதையும் சாப்பிடுவேன், அதுவும் பிடிக்காததால்தான்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பூனையைப் பற்றியும் சொன்னார். மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாமவர் ஒரு கிழவர். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. காது கேட்காதவராக இருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை, மீன்" என்றார் ஜீன். "எல்லாருக்கும் மீன்தான். இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை மீன் கொடுக்காவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அவருக்கும் வைத்துவிடவா? அவர் சேர்ந்த பிறகு ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறது, அன்று என்ன கொடுத்தோம் என்று நினைவில்லை."

மேலாளர் என்னைப் பார்த்தார். முடிவு சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்.

"அவிச்ச உருளைக்கிழங்கு, பட்டாணி, ஒரு ஆப்பிள்" என்றேன். "மீன் வேண்டாம், புடிங் வேண்டாம். ஓட்டுநர் வாசலில் நின்று அவரிடமே கேட்கட்டும். கோபித்தால் எங்கள் பெயரைச் சொல்லட்டும்."

வேன்கள் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போயின. பன்னிரண்டரைக்கு ஜீன் அழைத்தார். ஓட்டுநர் தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து சொன்னாராம். அந்தக் கிழவர் கதவைத் திறந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, "மீன் இல்லையே, நல்லது, மீன் பட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், எழுதிக் கொடுத்திருந்தேனே" என்றாராம். ஆப்பிள்தான் கடிக்க முடியவில்லையாம், பல் இல்லை.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். திரும்பி வந்தபோது என் மேசையில் சேகர் வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் கூட்டம் வைத்தார்கள். அதிலும் ஒரு தவறு நடக்க இருந்தது. நிரலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி கையால் செய்வோம், ஏழு கேள்விகளையும் திரும்பப் போடுவோம் என்று எல்லோரும் சொன்னார்கள். தண்டனைக்காகக் காத்திருந்தவள் நான். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வெறும் டிஸ்க் அனுப்பியதும் இதே கைதான். எந்தக் கேள்வி எதற்கு என்று தெரியாமல் ஏழு தடவை ஆம் அழுத்துகிற பழக்கத்தைச் சமையலறைகளுக்குக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். ஒரு நாள் ஒருவர் நாலாவதிலும் ஆம் அழுத்தியிருப்பார். அதைச் சொன்னேன்.

பிறகு செய்தது இதுதான். நகல் எடுப்பது, எண்ணுவது, சரிபார்ப்பது எல்லாம் நிரலுக்கே. பழைய சமையலறைகளுக்கும் புதியவற்றுக்கும் வேறு வேறு டிஸ்க். ஆறு கேள்விகள் போயின. ஒன்று மட்டும் வைத்தேன், அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. 'உங்கள் சமையலறையில் உணவுக் குறிப்பு உள்ளவர்கள் எத்தனை பேர்?' எண்ணிக்கையைக் கையால் அடிக்க வேண்டும். நிரல் தன்னிடம் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் நின்றுவிடும். ஜீன் உடனே அழைத்து, இது இன்னும் மோசம் என்றார். ஆனால் அன்றிலிருந்து சுவரில் ஒரு பலகை மாட்டி அந்த எண்ணைச் சாக்கட்டியால் எழுதி வைத்தார். சோதனைக் கணினியையும் துடைப்பதை நிறுத்தினேன். அதில் சேகர் தன் உறவினர் எல்லோரையும் குடியேற்றினான். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாத சித்தப்பா ஒருவரும் இருந்தார். சோதிக்கும்போதெல்லாம் முதலில் அவரைத்தான் தேடுவேன்.

அடுத்த மதிப்பீட்டில் மேலாளர் என்ன எழுதினார் என்று கேட்பீர்கள். 'இன்னும் தயங்குகிறார்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே, 'பரவாயில்லை'.

உங்களில் பலர் என்னைவிட வேகமாக நிரல் எழுதுவீர்கள். நான் ஒரு வாரத்தில் செய்ததை நீங்கள் ஒரு மத்தியானத்தில் தானியங்கியாக்கிவிடுவீர்கள். செய்யுங்கள், களைத்த கையை நம்புவதைவிட அது நல்லது. ஒரு கேள்வியை எடுத்துவிடும் முன் அது யாருடைய சாப்பாட்டைக் காத்துக்கொண்டிருந்தது என்று மட்டும் பாருங்கள். சந்தேகம் வந்தால், உறுதியாகும் வரை காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று மணிக்கூட்டைப் பாருங்கள். இல்லையென்றால், உறுதியில்லை என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுங்கள். நான் ஒரு தடவை எடுத்துக் கீழே வைத்தேன். நீங்கள் அதையும் தவிர்க்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் நோர்பரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு பத்து. ராணியக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார். உள்ளே இன்னொரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"சரி சரி, ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லைத்தானே. நான் ஒண்டு சொல்லவேணும். திங்கக்கிழமை என்ர மருமகள் உதவிக்கு வாறாள். நீர் முட்டை விசயத்தை ஒரு கடுதாசியில எழுதித் தாரும், ஃபிரிட்ஜில ஒட்டிவிடுறன்."

பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரில் வைத்தே எழுதினேன். பெரிய எழுத்தில், இரண்டு தரம் அடிக்கோடிட்டு. கொடுக்கும்போது சொன்னேன்: "அக்கா, இதை ஒட்டுங்கோ. ஆனா நீங்கள் காலமை கேக்கிறதை நிப்பாட்டாதேங்கோ."

"நான் எங்க நிப்பாட்டினன்?" என்றார் ராணியக்கா. "நீர்தான் ஒவ்வொரு நாளும் முறைச்சுக்கொண்டு போறனீர்."